மாப்பிள்ளையாக வந்த பிரபு

மகனே,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நல்லாயிருக்கிறாய் என்று பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நாலாம் பக்கத்தில் உன் படம். பின்னால் கொடி படர்ந்த கல்மாளிகை, முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நீ. 'அயர்லாந்துப் பிரபுவின் வம்சத்தில் கல்முனை இளைஞர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. யுத்தம் முடிந்துவிட்டதென்று சந்தியில் வெடி கொளுத்தி, போகிற வருகிற வாகனங்களை மறித்துப் பாற்சோறு கொடுத்த அதே வாரம். கடைக்குக் கடை கொடி பறந்தது. தேத்தண்ணிக் கடையில் குந்தியிருக்கிற மருதமுனை ஆண்களுக்கு யுத்தத்தைக் கதைப்பதா உன்னைக் கதைப்பதா என்று பெரிய திண்டாட்டமாகப் போய்விட்டது. எனக்கு மூத்தவள், என் ராத்தா, பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, "என்னடி, மகன் துரையாகிட்டானாம். இனி ஒன்ட வாசலுக்கு வாறெண்டா சீட்டு எடுக்கணுமோ?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

மூன்றாவது பந்தியில் நீ சொல்லியிருக்கிறாய்: 'எங்கள் மூதாய், பிரபு இலங்கையில் இருந்தபோது அவருடைய பங்களாவில் வேலை செய்த பெண். கலியாணம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.' உனக்கு வருத்தம் இல்லை. எனக்கு இருக்கிறது, கோபமும் இருக்கிறது. நீ ஊரறியச் சொன்னாய், நானும் ஊரறியத்தான் பதில் சொல்வேன். இந்தக் கடிதத்தை ஒரு வரி குறைக்காமல் போடவேண்டும் என்று அதே பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். மாட்டோம் என்றால் கையால் பிரதி எழுதிப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுவேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன்னைத் திட்ட எனக்கு வசதியாக இருக்கும். உன்னைத் துரைப் பைத்தியமாக வளர்த்தது நான்தான். நீ பிறந்து நாற்பதாம் நாள் முடி இறக்கும்போது வந்தவர்களுக்கெல்லாம் உன் பூனைக்கண்ணைத் திறந்து காட்டினேன். "துரைட கண்" என்று சொன்னபோது என் கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நம்முடைய வளவுக்கு ஊரே 'துரை வளவு' என்று பெயர் வைத்திருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பிரபு வந்தார், கலிமா சொல்லி இஸ்லாமானார், நம் பெண்ணைக் கட்டினார், முப்பது வயதில் காய்ச்சலில் இங்கேயே மௌத்தானார் என்று உனக்குச் சொல்லித் தந்தேன். அவரை அடக்கிய கபுறு எங்கே என்று நீ கேட்டாய். மையவாடியின் அந்தப் பக்கத்தைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது என்றேன். அது பச்சைப் பொய். என் உம்மாவும் எனக்கு அதே பொய்யைத்தான் சொன்னாள். அந்தக் கதை முழுவதிலும் அவரைக் கட்டிய பெண்ணுக்கு நான் ஒரு பெயர்கூடத் தந்ததில்லை. அவள் பெயர் சுலைகா உம்மா. என் உம்மாவின் உம்மாவின் உம்மாவைப் பெற்றவள்.

அந்த மனிதரின் கதையை என் மாமா, உம்மாவின் கூடப்பிறந்தவர், பள்ளிவாசலில் நமது குடிக்குத் தலைவராக, மரைக்காராக இருந்தவர், நல்ல நாளில் ஒரு மாதிரியும் வெற்றிலை தீர்ந்த நாளில் இன்னொரு மாதிரியும் சொல்வார். இரண்டிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன். அவர் ஒரு பிரபுவின் மூன்றாவது மகன். அந்த நாட்டில் மூத்தவனுக்குத்தான் மாளிகையும் காணியும் பட்டமும். மற்றவர்கள் பட்டாளத்துக்குப் போகலாம், கோயிலில் பாதிரியாகலாம், கடல் கடக்கலாம். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே பெரிய பஞ்சம் வந்தது. மாளிகை மதிலுக்கு வெளியே சனம் புல்லைத் தின்று வாயெல்லாம் பச்சையாகச் செத்துக் கிடந்ததாம். உள்ளே மேசையில் இறைச்சி இருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சோற்றைத் தொடாமல் எழுந்துபோன நாட்கள் உண்டு என்று சுலைகா உம்மா சொல்லியிருக்கிறாள். தண்ணீர் வேலை படித்து, குளங்களைத் திருத்துகிற உத்தியோகத்துக்கு இந்தக் கரைக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று மாமா நம்பினார். நானும் நம்புகிறேன். மனிதரின் நல்லதை மறைத்து நமக்கு என்ன வரப்போகிறது?

சவளக்கடைப் பக்கம் வாய்க்கால் வெட்டும்போது ஒரு வயல்துண்டு குறுக்கே நின்றது. அந்தக் காணி பெண்ணுடையது. நம்மூரில் வீடும் வயலும் மகளுக்குத்தான் எழுதப்படும் என்பதை அறியாமல், துரை ஆண்களாகத் தேடித் தேடிக் கதைத்திருக்கிறார். வாப்பா மகனைக் காட்டினார், மகன் மச்சானைக் காட்டினார், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து சுலைகா உம்மாவின் உம்மாவைக் காட்டினார்கள். அவள் தட்டிக்கு உள்ளே இருந்துகொண்டு, "வாய்க்கால் என்ட காணிக்குள்ளால போறெண்டா மொதத் தண்ணி என்ட காணிக்கு. சம்மதமெண்டா வெட்டச் சொல்லுங்க" என்றாளாம். மூன்று தரம் பேச வந்தார் துரை. மூன்றாம் தரம் வாய்க்காலை மறந்துவிட்டுப் பெண் கேட்டார்.

கலிமா சொல்லி அப்துல்லாஹ் ஆனார். நிக்காஹ் எழுதப் பள்ளிவாசலில் கூடினார்கள். வெளியூர்க்காரர்கள் இதை வாசித்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: எங்கள் பக்கத்தில் ஒருவன் எந்தக் குடி என்பது அவன் உம்மாவைக் கொண்டுதான். வாப்பா யாராக இருந்தாலும் சரி, உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. மாப்பிள்ளை எந்தக் குடி என்று மரைக்கார் கேட்டார். துரை எழுந்து நின்று தன் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று பன்னிரண்டு தலைமுறையை ஒரே மூச்சில் சொன்னாராம். நிக்காஹ் எழுத உட்கார்ந்திருந்த லெவ்வை எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"அது சரி துரை, இவங்களெல்லாம் ஆம்பிளையள். ஒங்கட உம்மாட பேரென்ன?"

உம்மாவின் பெயரைச் சொன்னார்.

"உம்மாட உம்மா?"

துரைக்குத் தெரியவில்லை. பிரபு வம்சத்துப் பிள்ளைக்குத் தன் தாயைப் பெற்றவளின் பெயர் தெரியாது. மரைக்கார்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பாவம், குடியில்லாத பிள்ளை" என்று ஒரு கிழவர் இரக்கப்பட்டுச் சொன்னாராம். குடி என்ற இடத்தை வெறுமையாக விட்டுத்தான் நிக்காஹை எழுதினார்கள். அந்தத் தாளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், மகனே. அரபுத்தமிழில் எழுதியிருந்தது. அதன் அடியில் ஆங்கிலத்தில் அவருடைய கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு அவர் இந்த ஊர் மாப்பிள்ளை. பெண் வீட்டில் பன்பாயில் உட்கார்ந்து சோறு தின்றவர். பங்களாவிலே வேலை செய்த பெண்ணாம்! அவர்தான் அவள் வீட்டில் இருந்தார். உன் வாப்பா எப்படி என் வீட்டுக்கு ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வந்தாரோ அப்படித்தான் அவரும் வந்தார். மூன்று வருடம் இருந்தார், ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிறகு கடிதம் வந்தது. இரண்டு தமையன்மாரும் மௌத்து, பட்டம் இனி உனக்கு, உடனே வா என்று. ஆறு மாதத்தில் திரும்புவேன் என்று கப்பலேறினார். பெற்றவனே அழைத்தாலும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போகிறவன் சொல்லும் 'ஆறு மாதம்' எத்தனை மாதம் என்று உனக்குத் தெரியும், நீயும் இரண்டு வருடத்தில் வருகிறேன் என்றுதானே போனாய்.

இனிக் கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி நாளுக்கு வருகிறேன். மீன் வாங்கக் கரைக்குப் போன உன் வாப்பா திரும்பவில்லை, அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. நீ கொழும்பில் இருந்தாய். வீட்டில் கிணற்றுக்கட்டைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பதினோராம் நாள், கரவாகு வட்டை வயற்சேற்றுக்குள் நமது தகரப்பெட்டி கிடக்கிறதென்று யாரோ வந்து சொன்னார்கள். உடைத்துத் திறந்தேன். பொலித்தீன் உறைக்குள் இரண்டு தாள்கள் ஓரம் மட்டும் நனைந்து கிடந்தன. இரண்டு என்பதைக் கவனி. உனக்கு ஒன்றைப் பற்றித்தான் தெரியும்.

நாங்கள் அகதியாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு அயர்லாந்திலிருந்து ஒரு பிள்ளை உதவிக்கு வந்திருந்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன், கக்கூஸ் கழுவினாள், குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டாள். துரை வளவு என்ற பெயரைக் கேட்டு விசாரித்தாள். நிக்காஹ் தாளைக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. அந்தப் பெயர் அங்கே பெரிய பெயராம். தாளைத் தந்தால் அந்தக் குடும்பத்திடம் காட்டுகிறேன், உங்கள் மகனைப் படிக்கக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்றாள். ராத்தா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மூலத்தாளக் குடுக்காதடி, போட்டோக்கொப்பி எடுத்துக் குடு" என்றாள். கறண்டே இல்லாத ஊரில் போட்டோக்கொப்பிக்கு எங்கே போவது என்று அவளோடு சண்டை பிடித்தேன். நாலு நாள் பொறுத்திருந்தால் அக்கரைப்பற்றிலோ எங்கேயோ எடுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கூடப் படுக்காத நாட்கள் அவை. உன்னை அந்தக் கரையிலிருந்து எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் இல்லை. ஐந்து தலைமுறை காத்த தாளைக் கொடுத்து உன்னைக் கப்பலேற்றினேன். சுலைகா உம்மாவின் மானத்தை எடுத்து உன் விமானச் சீட்டுக்குக் கொடுத்தவள் நான், மகனே.

இப்போது அந்தப் பிரபு குடும்பத்தார் தங்கள் வம்ச வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். நீ மின்னஞ்சலில் அனுப்பிய வம்ச மரத்தைக் கொமினிகேஷன் கடையில் பிரதி எடுத்துப் பார்த்தேன். ஆண்கள் எல்லோருக்கும் பெரிய எழுத்து. துரைக்குக் கீழே, அங்கே கட்டிய சீமாட்டிக்கு நேர்கோடு. மற்றப் பக்கம் ஒரு புள்ளிக்கோடு இறங்குகிறது. அதன் நுனியில் 'ஓர் உள்ளூர்ப் பெண்' என்று இருக்கிறது. பெயர்கூட இல்லை. அந்தப் புள்ளிக்கோட்டில் தொங்கிக்கொண்டு கடைசியில் நீ. கூடவே வக்கீல் அனுப்பிய ஒரு தாள். அந்தப் பெண்ணுக்கும் பிரபுவுக்கும் கலியாணம் எதுவும் நடக்கவில்லை என்று நாங்கள் ஒப்புக்கொள்கிறோமாம். அடியில் இரண்டு கோடு, ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு.

ஏன் என்று கேட்டுப் பார்த்தாயா? நான் விரலை மடக்கிப் பார்த்தேன். அவர்களுடைய மரத்தின்படி துரை போய்ச்சேர்ந்த மறு வருடமே அங்கே கலியாணம் முடித்திருக்கிறார். இங்கே நடந்தது கலியாணம் என்றால் அங்கே நடந்தது இரண்டாவது. நமக்கு அது பெரிய காரியமில்லை, அவர்களுடைய சட்டத்தில் அது குற்றம். இன்றைய பிரபுவின் பட்டம் நிற்குமா விழுமா என்று வக்கீலுக்குப் பயம் பிடித்திருக்கிறது. அவர்களுடைய மாளிகையில் ஒரு ஓடுகூட எனக்கு வேண்டாம். பட்டம் அவர்களிடமே இருக்கட்டும். அதனால்தான் அந்தக் குடும்பப் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை. பொஞ்சாதியைப் பொஞ்சாதி என்று எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நிக்காஹ் தாள் என்னவாயிற்று என்று தொலைபேசியில் கேட்டேனே, நீ என்ன சொன்னாய்? "அரபு படிச்ச ஒரு பேராசிரியரிட்டக் காட்டினாங்களாம் உம்மா. எழுத்து அரபுதானாம், வாசிச்சா ஒரு கருத்துமில்லையாம். ஏதோ தாயத்துக்கு எழுதின மந்திரமாம்." எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அரபு எழுத்தில் எழுதிய தமிழை அரபியாக வாசித்தால் எப்படிக் கருத்து வரும்? குர்ஆன் மதரசாவில் ஓதிய எந்த மருதமுனைப் பெண்ணும் அதைக் கடகடவென்று வாசிப்பாள். உனக்கு அதைச் சொல்லித்தராமல் கணக்கு ரியூசனுக்கு அனுப்பினேன், அதுவும் என் பிழை. நீ விடவில்லை. "அவங்கட உப்பத் தின்னுறன் உம்மா. விசாக் கடிதமும் அவங்கதான் தாறாங்க. ஒரு கையெழுத்துத்தானே" என்றாய்.

ஒரு கையெழுத்து என்றால் என்ன என்று நான் உனக்குச் சொல்கிறேன். உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது பட்டாளத்தின் ஒரு சுற்றிவளைப்பில் உன் வாப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டினார்கள். வைத்தால் ஆள் வெளியே வரும் என்றார்கள். வைத்தேன். ஆள் வந்தார். அந்தத் தாளில் என்ன இருந்தது, யாருடைய பெயர் இருந்தது, அதனால் யாருடைய மகன் வீட்டுக்கு வராமல் போனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தமிழ்ப் பகுதிச் சந்தையில் மகனைத் தேடுகிற தாய்மாரைக் கண்டால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். யுத்தம் முடிந்துவிட்டதாம், வெடி கொளுத்துகிறார்கள். இந்த முடிவில் எனக்குக் கிடைத்த ஆதாயம் ஒன்றுதான்: இனி இன்னொருவர் எழுதிய எந்தத் தாளிலும் நான் கையெழுத்து வைக்கப்போவதில்லை. அரசாங்கம் கேட்டாலும் வைக்கமாட்டேன், பிரபு கேட்டாலும் வைக்கமாட்டேன்.

இனி அந்த இரண்டாவது தாள். நம் குடும்பம் ஊருக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த தாள். துரை போய் நாலு வருடம் கழித்து எழுதியது. அது ஒரு பஸ்ஹ் தாள். மாப்பிள்ளை பராமரிக்காமல் போனால் பெண் கேட்டு வாங்கும் விடுதலைக்கு அதுதான் பெயர். சுலைகா உம்மா அழுதுகொண்டு கடலைப் பார்த்துக் குந்தியிருக்கவில்லை. பள்ளித் தலைவர்களுக்கு முன்னால் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். 'என்னைக் கட்டிய அப்துல்லாஹ் துரை நாலு வருடமாகச் சோறும் சீலையும் தரவில்லை, சொல்லும் அனுப்பவில்லை. எனக்கு அவர் வேண்டாம்' என்று அவள் சொன்னதாகத் தாளில் இருக்கிறது. கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் தறி நெய்கிற ஒருவரைக் கட்டி, இன்னும் மூன்று பிள்ளைகளைப் பெற்று, துரையின் மகளையும் அவர்களோடு வளர்த்தாள்.

பிரபுவை நம் பெண் வேண்டாம் என்று தள்ளினாள் என்பதை நம் ஆட்களே வெட்கமாக நினைத்தார்கள். விட்டுப்போனவன் என்பதைவிட மௌத்தானவன் என்று சொன்னால் மரியாதை. அதனால் துரைக்குக் காய்ச்சல் வரவழைத்து, அவரைக் கொன்று, கபுறையும் கடலில் போட்டோம். சுலைகா உம்மா செய்த ஒரே தைரியமான காரியத்தை மறைத்து, அவரை வைத்து நாங்கள் பெருமை அடித்தோம். அந்த வெட்கத்தால்தான் அன்று பள்ளிக்கூடத்திலும் இந்தத் தாளை மடிக்குள் வைத்துக்கொண்டேன். இன்று இதை வெளியே எடுத்ததும் ராத்தா தலையில் கை வைத்தாள். "இத்தின காலம் மூடி வெச்சதக் கிளறுறாயே, குடும்ப மானம் என்னாகிற?" என்றாள்.

"ராத்தா, இல்லாத கலியாணத்த எந்த ஊரில பஸ்ஹ் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

அவள் தலையில் வைத்த கையை எடுத்தாள். பிறகு, "ஓம், அதும் சரிதான். போட்டோக்கொப்பி எத்தின எடுக்கப் போறாய்?" என்றாள்.

பத்து எடுத்தோம். அடியில் தமிழிலும், நமது பள்ளிக்கூட ஆங்கில ரீச்சரைக் கொண்டு ஆங்கிலத்திலும், வரிக்கு வரி பெயர்த்து எழுதியிருக்கிறோம். ஒன்று வக்கீலுக்குப் போகிறது, ஒன்று பேராசிரியருக்கு. மூலத்தாள் என்னை விட்டு அசையாது.

நீ உப்பைச் சொன்னாய். உப்பிட்டவரை நினைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அவர்கள் உனக்குச் செய்ததற்கு நன்றி சொல், தோட்டம் கொத்திக் கொடு, கிழட்டுப் பிரபுவுக்குக் கால் பிடித்துவிடு. ஆனால் உன்னைப் பெற்ற வழியைத் தாரைவார்த்து நன்றி காட்டாதே. அவர்கள் மரத்தில் நீ கடைசி நுனி. இங்கே நீ சுலைகா உம்மாவின் குடி. அந்தக் குடியை நீ சம்பாதிக்கவும் இல்லை, உன்னால் விற்கவும் முடியாது. அதை நான் வயிற்றில் வைத்துத் தந்தேன்.

இன்று முற்பகல் தபாற்கந்தோருக்குப் போய்வந்தேன். வக்கீலின் தாளை அவர்களுக்கு அனுப்பவில்லை, உனக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். என் கோட்டில் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் அரபுத்தமிழில் எழுதியிருக்கிறேன்: 'சுலைகா உம்மா அவருடைய பொஞ்சாதி. அவரை விட்டவளும் அவள்தான்.' வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கே யாரிடமும் கேட்காதே, என்னைக் கூப்பிடு, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் கோட்டை நான் தொடவில்லை. கையெழுத்து வைக்க மறுத்தால் விசாக் கடிதம் வராமல் போகலாம், நீ திரும்பி வரவும் நேரலாம். வா. கடல் அதே இடத்தில்தான் இருக்கிறது, நான் இப்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறேன். கையெழுத்தை வைத்துவிட்டு வந்தாலும் வா. பெற்ற வயிறு, சோறு போடாமல் விடாது. ஆனால் அப்போது பாயை விரித்து, கை கழுவத் தண்ணீர் தந்து, "இன்னுங் கொஞ்சம் போடட்டா தம்பி, வெக்கப்படாமத் தின்னுங்க" என்று, ஊருக்கு வந்த வெள்ளைக்காரருக்குச் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
சுலைகா உம்மாவின் குடியில் வந்த
உன் உம்மா